ஆம்ப் இல்லாத கிட்டார் பாதிக் கிட்டார்

சென்னையில் மெல்லிசைக் கச்சேரி மேடைகளில் லீட் கிட்டார் வாசித்துப் பிழைத்தவன் நான். இப்போது கையில் இருப்பது பெரும்பாலும் அக்கூஸ்டிக்தான். கல்யாண வரவேற்பில் ஒரு பாடகர், ஒரு கஹோன், ஒரு கிட்டார் என்று மூன்றே பேர் உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரிகள். சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பு. யாராவது வீட்டு ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டால் ஒரு பாட்டுக்கு ரிதம். இந்த மாற்றம் தற்காலிகமானது அல்ல என்று தெரிந்த பிறகு, வீட்டில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டிருந்த எலக்ட்ரிக் சாமான்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது.

சாமான் என்றால் இவை: மெக்சிகோவில் என்செனாடா தொழிற்சாலையில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று. 40 வாட் ஹாட் ராட் டீலக்ஸ் வால்வு ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கருடன்; தூக்கினால் இருபது கிலோ. வீட்டில் பயிற்சிக்கென்று வாங்கிய, 8 அங்குல ஸ்பீக்கர் வைத்த சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப். அலுமினியப் பலகையில் வெல்க்ரோ போட்டு ஒட்டிய பெடல் வரிசை: வா, ஓவர்டிரைவ் இரண்டு, டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே, ஈக்வலைசர். ஒரு சாக்கு நிறைய கேபிள்.

இதைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ட்ரூப்பில் என்னோடு பல வருஷம் பேஸ் வாசித்த அண்ணன், "வித்துடாதப்பா, பின்னாடி அந்த வெலைக்கு வாங்கவே முடியாது" என்றார். கீபோர்டு வாசிக்கும் நண்பர், "ஒரு வருஷம் தொடலன்னா அது உன்னுது இல்ல, வித்துடு" என்றார். இரண்டு பேருமே அனுபவத்தில் பேசியவர்கள். ஆனால் இருவரும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினார்கள். கிட்டாருக்கு ஒரு நியாயம், ஆம்புக்கு ஒரு நியாயம், பெடலுக்கு ஒரு நியாயம் என்று பிரித்துப் பார்க்கவும் வேண்டும். எது எதோடு சேர்ந்தால்தான் வாத்தியம் ஆகும் என்று சேர்த்துப் பார்க்கவும் வேண்டும். முடிவெடுக்க எனக்கு நாள் பிடித்தது இதனால்தான்.

நான் எலக்ட்ரிக்கை விட்டதற்குக் காரணம் ரசனை மாற்றம் அல்ல, காது. மேடையில் லீட் கிட்டார்காரர் நிற்கும் இடம் பெரும்பாலும் டிரம்ஸுக்குப் பக்கத்தில்தான் அமையும். வலது காதுக்கு நேராக க்ராஷ் சிம்பல், முழங்காலுக்குப் பின்னால் ஆம்ப், முன்னால் மானிட்டர். அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் வகுத்திருக்கும் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் பதினைந்து நிமிஷம்தான். நம் ஊர்க் கோயில் திருவிழா மேடையில் மூன்று மணி நேரக் கச்சேரியில் சத்தம் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். எனக்குச் சோதனை செய்த டாக்டர் காட்டிய வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம். ராத்திரியில் மின்விசிறியை நிறுத்தினால் ரீங்காரம் கேட்கும். இளம் கிட்டார்காரர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்: முதல் பெடல் வாங்குவதற்கு முன்னால் நல்ல காதடைப்பான் வாங்குங்கள்.

காது விஷயம் ஆம்போடு நேராகச் சம்பந்தப்பட்டது. வால்வு ஆம்பை அதன் முழு அழகோடு கேட்க வேண்டுமென்றால் சத்தம் கூட்டித்தான் ஆக வேண்டும். ஹாட் ராடில் பவர் வால்வு இரண்டு, 6எல்6 ரகம். முன்னால் 12ஏஎக்ஸ்7 மூன்று. வால்யூமை ஒன்றரையில் வைத்தால் சுத்தமான ஒலி வரும், அவ்வளவுதான். வால்வுகள் கொஞ்சம் திணறத் தொடங்கும்போதுதான், அழுத்தி வாசித்தால் உறுமி, மெல்லத் தொட்டால் தெளிந்து, விரலோடு விரலாகப் பேசும் அந்தக் குணம் வரும். அந்த இடத்தை எட்டும்போது ஒரு சின்ன அரங்கே நிறைந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு வழியில்லை. என் காதுக்கும் இனி வழியில்லை. அந்த ஆம்பை என் வீட்டில் நிறுத்தி வைப்பது, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை ஒருநாளும் செய்யவிடாமல் வைத்திருப்பது.

ரெக்கார்டிங்குக்காகவாவது வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்தக் காலம் போய்விட்டது. முன்பெல்லாம் ரெக்கார்டிங் தியேட்டரில் ஆம்புக்கு முன்னால் மைக் நிறுத்தி, சுற்றிலும் தடுப்பு வைத்து, மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே நேரத்தில் வாசித்து டேக் எடுப்பார்கள். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் வந்தது. ஆம்பின் ஒலியைக் கணக்காக மாற்றிச் சின்னப் பெட்டிக்குள் அடக்கியது. 2011இல் கெம்பர் வந்தபோது ஒரு குறிப்பிட்ட ஆம்பின் ஒலியையே அச்சாகப் படியெடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று வீட்டு ஸ்டூடியோவில் கிட்டார் கேபிள் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. என்னை எலக்ட்ரிக் வாசிக்கக் கூப்பிடுகிறவர்கள், "மாஸ்டர், கிட்டார் மட்டும் எடுத்துட்டு வாங்க, மத்ததெல்லாம் இங்க இருக்கு" என்றுதான் சொல்கிறார்கள்.

அப்படியானால் ஆம்பை விற்றுவிட்டு கிட்டாரை வைத்துக்கொள்வதுதானே சரி? பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள். ஆம்ப் இடத்தை அடைக்கிறது, கனக்கிறது. கிட்டார் சுவரில் மாட்டினால் அழகாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்பதைச் சொல்ல எலக்ட்ரிக் கிட்டார் என்ற பொருளைக் கொஞ்சம் பிரித்துக் காட்ட வேண்டும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. முழு மரக்கட்டை, உள்ளே ஒலி சுழல அறை கிடையாது. ஜாக் குத்தாமல் வாசித்தால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கூடச் சரியாகக் கேட்காது. அதன் பிக்கப் என்பது காந்தக் கட்டைகளைச் சுற்றி, தலைமுடியைப் போன்ற மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. உலோகத் தந்தி காந்தத்தின் மேல் அசையும்போது அந்தச் சுருளில் ஒரு சின்ன மின்னோட்டம் பிறக்கிறது. கிட்டார் தருவது அதை மட்டும்தான். அதை ஒலியாக்குவது ஆம்ப். சும்மா பெரிதாக்கும் வேலை மட்டுமல்ல அது. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கூர்மையை வெட்டிவிடும். அதனால்தான் ஓவர்டிரைவ் காதுக்கு இனிமையாக இருக்கிறது. அதே பெடலை நேராக மைக் செட்டில் குத்திக் கேட்டவர்களுக்குத் தெரியும், கரகரவென்று காதைக் கீறும். மிக்சரின் லைன் உள்ளீட்டில் நேராகக் கொடுத்தால் இன்னொரு தொல்லை: அது பிக்கப்பைப் பிடித்து அமுக்கிவிடும், மேல்ஸ்தாயி மங்கிப்போகும். திருவிழா மேடையில் ஆம்ப் வரவில்லை என்று சவுண்ட்காரர் என் கிட்டாரை நேராக மிக்சரில் குத்திய ராத்திரிகள் உண்டு. விரல் அதே விரல்தான், கிட்டார் அதே கிட்டார்தான். ஆனால் என் வாசிப்பை எனக்கே அடையாளம் தெரியாது.

ஆகவே எலக்ட்ரிக் கிட்டார் என்பது ஒற்றை வாத்தியம் அல்ல. கிட்டார், கேபிள், நடுவில் ஒரு பெடல், கடைசியில் ஆம்ப், ஸ்பீக்கர் என்று கோத்த சங்கிலி முழுவதும் சேர்ந்துதான் வாத்தியம். ஆம்பை விற்றுவிட்டு கிட்டாரை மட்டும் வைத்திருப்பவர் வைத்திருப்பது பாதி. அந்தப் பாதியை எடுத்து வாசிக்க மனம் வராது, வாசிக்காத பொருளுக்குப் பழுது வரும், ஐந்தாறு வருஷம் கழித்து விற்கும்போது அதற்குப் பாதி விலைதான் கிடைக்கும். இப்படிச் சுவரில் தொங்கி வீணான நல்ல கிட்டார்களை என் நண்பர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

விற்பதானால் சங்கிலியை முழுவதும் விற்க வேண்டும். வைப்பதானால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முழுச் சங்கிலியாக வைக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த கேள்வி இப்படி மாறியதும் வேலை எளிதானது. எலக்ட்ரிக் வாத்தியம் என்று ஒன்று எனக்கு இனி வேண்டுமா, வேண்டாமா? அதற்குப் பதிலை விரல்களிடம் கேட்டேன்.

எலக்ட்ரிக்கில் நான் போடுவது 9-42 தந்தி. அக்கூஸ்டிக்கில் 12-53. சுருதி கூட்டியபின் முதலாவதில் ஆறு தந்தியும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 38 கிலோ. இரண்டாவதில் 70 கிலோவைத் தாண்டும். வித்தியாசத்தை எடை மட்டும் சொல்லிவிடாது. மூன்றாவது தந்தியைப் பாருங்கள். எலக்ட்ரிக்கில் அது வெறும் எஃகுக் கம்பி, .016 அங்குலம். அக்கூஸ்டிக்கில் அதே மூன்றாவது தந்தி மேலே வெண்கலம் சுற்றிய .024. எலக்ட்ரிக்கில் மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்து அந்தத் தந்தியை மேலே தள்ளினால் ஒரு முழு ஸ்வரம் ஏறும். கொஞ்சம் அழுத்தினால் ஒன்றரையும் ஏறும். அக்கூஸ்டிக்கில் அதே இடத்தில் அதே விரலால் அரை ஸ்வரம் ஏற்றுவதற்குள் விரல்நுனி எரியும். எனவே அக்கூஸ்டிக்கில் தந்தியைத் தள்ளுவதை விட்டு, ஃப்ரெட்டின் மேல் சறுக்கிப் போகக் கற்றுக்கொள்கிறோம். ஒலி நிற்கும் நேரமும் மாறுகிறது. அக்கூஸ்டிக்கில் ஸ்வரம் பிறந்த கணமே தேயத் தொடங்கும். அதை எப்படி நிறுத்தி வைப்பது என்பதே பிரச்சினை. எலக்ட்ரிக்கில் வேண்டாத தந்தி எதுவும் பேசாமல் உள்ளங்கையால் அடக்கி வைப்பதுதான் பிரச்சினை. இரண்டும் வேறு வேறு கை.

இதில் நம் சங்கீதத்துக்கு நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. ஸ்வரம் தேயாமல் நின்றால்தான் கமகம் கேட்கும். யு. ஸ்ரீநிவாஸ் 1980களில் சிறுவனாகச் சென்னை சபாக்களில் வாசித்தது சாதாரண மாண்டலின் அல்ல, எலக்ட்ரிக் மாண்டலின். நான்கு ஜோடித் தந்திகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்திகள் ஐந்து போட்டிருந்தார். ஜோடியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறாது. ஒற்றை என்றால் இழுக்கலாம், ஒலிபெருக்கி அதைத் தாங்கிப் பிடிக்கும். கிட்டார் பிரசன்னா கர்நாடக சங்கீதம் வாசிக்க எடுத்ததும் எலக்ட்ரிக்தான். தோடியில் காந்தாரத்தை அசைத்துக் காட்ட அக்கூஸ்டிக்கில் முயன்று பார்த்தால், அசைவு முடிவதற்குள் ஒலி முடிந்துபோகிறது. ஸ்ட்ராட்டில், ஓவர்டிரைவை லேசாகத் திறந்து வைத்து, சுண்டு விரலால் வால்யூம் குமிழைத் திருகிக்கொண்டே வாசித்தால் ஒரே மீட்டில் முழு அசைவும் நிற்கும். இதை நான் மேடையில் வாசிப்பதில்லை. காலையில் வீட்டில் எனக்காக வாசிக்கிறேன். அந்தக் கையை இழக்க எனக்குச் சம்மதமில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் தலைமுறையில் கிட்டார் கற்றுக்கொண்ட யாருக்கும் "இளைய நிலா" ஒரு பரீட்சை. 1982இல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படப் பாட்டு; கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அக்கூஸ்டிக் தந்தியில் விரல்கள் இறங்கி வரும் அந்த முன்னிசையைச் சுத்தமாக வாசித்துவிட்டால் ட்ரூப்பில் இடம் கிடைக்கும். நான் கற்றது கொல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டாரில். தந்தி ஃப்ரெட்டிலிருந்து அவ்வளவு உயரத்தில் நிற்கும். டிரினிட்டி கல்லூரித் தேர்வுக்கு அண்ணா சாலை மூசே மியூசிகலுக்குப் போன நாட்களில் எலக்ட்ரிக்கைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்தேன். அக்கூஸ்டிக்குக்கு இப்போது திரும்பி வந்தது எனக்குக் குறையாகப் படவில்லை. அதில் ஆழம் காண இன்னொரு வாழ்நாளும் போதாது.

எலக்ட்ரிக் வாத்தியம் வேண்டும் என்று முடிவான பிறகு, மிகச் சின்ன முழுச் சங்கிலி எது என்று பார்த்தேன். ஸ்ட்ராட், இரண்டு ஓவர்டிரைவில் ஒன்றான ப்ளூஸ் டிரைவர் பெடல், 8 அங்குலச் சின்ன ஆம்ப். பெரிய ஆம்ப் போகலாம். டிஸ்டார்ஷன், இன்னொரு ஓவர்டிரைவ், வா மூன்றும் போகலாம்.

பெடல் பிரிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அக்கூஸ்டிக்கும் மேடை ஏறிவிட்டால் சங்கிலிதான். சேடிலுக்கு அடியில் பீசோ பட்டை, அதற்கு ஒரு ப்ரீஆம்ப், டிஐ பாக்ஸ், பிறகு மிக்சர். பீசோ ஒலியில் மீட்டியவுடன் ஒரு பிளாஸ்டிக் தட்டல் வரும். நடு அலைவரிசையைக் கொஞ்சம் குறைத்தால்தான் மரம் பேசும். அதற்கு என்னிடம் ஏற்கெனவே இருந்த ஈக்வலைசர் பெடலே போதுமாக இருந்தது. கோரஸும் மெல்லிய அளவில் அக்கூஸ்டிக்கோடு ஒத்துப்போகிறது. டிஸ்டார்ஷனும் வாவும் ஒத்துப்போகவில்லை. எலக்ட்ரிக்கை விற்கிறேன் என்று பலகையை அப்படியே கொடுத்துவிட்டு, மறுமாசமே ஈக்வலைசரைப் புதிதாக வாங்கியவர்களை அறிவேன். ஒவ்வொரு பெடலையும் அக்கூஸ்டிக்கில் குத்திக் கேட்டுப் பார்த்த பிறகே பலகையைப் பிரியுங்கள்.

இனி, சும்மா வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது. பணத்தைவிட இதுதான் என்னை அவசரப்படுத்தியது. வாசிக்காமல் வைத்தால் மரக்கிட்டாரை விட மின்சாதனம் வேகமாகக் கெடும். வால்வு ஆம்புக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் போட்டு வைத்தாலும் காயும், பயன்படுத்தினாலும் காயும். வருஷக்கணக்கில் மின்சாரமே காணாமல் கிடப்பது அவற்றுக்கு இன்னும் கேடு. ஹம் கூடிக்கொண்டே போகும், ஒருநாள் ஊதிப்போகும். பெடலுக்குள் 9 வோல்ட் பேட்டரியை விட்டு வைத்தால் அது கசிந்து தகட்டை அரிக்கும். பச்சைப் பாசி பிடித்த பேட்டரி முனைகளை எத்தனையோ பழைய பெடல்களில் சுரண்டியிருக்கிறேன். வால்யூம் குமிழ்கள் திருப்பாமல் கிடந்தால் கரகரக்கும். சென்னைக் கடற்காற்றில் பிரிட்ஜின் சின்னச் சின்னத் திருகாணிகள் துருவேறி ஆலன் சாவிக்கு அசையாது. கேஸுக்குள் வைத்துப் பூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை; ஈரம் உள்ளே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து பார்த்தால் பூசண வாசனை வரும்.

வால்வு ஆம்பை நீங்களே திறந்து பார்க்கத் துணிய வேண்டாம். உள்ளே மின்னழுத்தம் 400 வோல்ட்டைத் தாண்டும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். நான் ரிச்சி தெரு பக்கம் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். வால்வு ரேடியோ காலத்திலிருந்து இந்த வேலை பார்ப்பவர். ஆம்பை ஆன் செய்து, மூடியைக் கழற்றி, பென்சிலைத் திருப்பிப் பிடித்து ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டினார். முன்னால் இருந்த ஒரு 12ஏஎக்ஸ்7 தட்டும்போது ஸ்பீக்கரில் கிணீர் என்று மணி அடித்தது. "இது மைக்ரோஃபோனிக் ஆயிடுச்சு சார், இதை மட்டும் மாத்துங்க. பவர் வால்வு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார். வால்வை மாற்றினேன். விற்பதற்கு முன்னால் சாமானைச் சரி செய்வது வீண் செலவு என்று சிலர் சொல்வார்கள். வாங்குகிறவர் அதைத் தூக்கிக்கொண்டு அன்று சாயங்காலமே வாசிக்கப் போகிறார். பழுதான சாமானைக் கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை.

விலை விஷயத்தில் பெரிய கலைஞர்களின் ஏலங்களைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. எரிக் கிளாப்டன் 1999இல் நூறு கிட்டார்களை நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்று, போதை மறுவாழ்வு மையத்துக்குக் கொடுத்தார். டேவிட் கில்மோர் 2019இல் தன் கிட்டார்களை விற்றபோது அவருடைய கறுப்பு ஸ்ட்ராட் ஒன்றே ஏறக்குறைய 40 லட்சம் டாலருக்குப் போனது. மொத்தத் தொகை 2 கோடி டாலரைத் தாண்டி, சுற்றுச்சூழல் பணிக்குச் சென்றது. பாப் டிலன் 1965இல் நியூபோர்ட் விழாவில், அக்கூஸ்டிக் ரசிகர்கள் கொதிக்கக் கொதிக்க வாசித்த எலக்ட்ரிக் ஸ்ட்ராட், 2013இல் 9,65,000 டாலருக்கு ஏலம் போனது. அங்கே விலை போனது மரமும் கம்பியும் அல்ல, அந்த வாசிப்பு. எங்களைப் போன்ற தொழிலாளிகளின் சாமானுக்கு ஒரே விலைதான் உண்டு: அடுத்து வாசிக்கப் போகும் பையனால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அது. எங்கள் வட்டத்தில் நல்ல நிலையில் இருக்கும் ஆம்புக்குப் புது விலையில் பாதி கிடைத்தால் நியாயமான விற்பனை. கில்மோரின் செயலில் எனக்குப் பிடித்தது வேறு: வாத்தியங்கள் வாசிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அவர் பேச்சில் இருந்தது.

ஹாட் ராடை வாங்க வந்தவன் பெரம்பூரில் ஒரு சர்ச்சில் வாசிக்கும் பையன். கூடவே அவன் அம்மாவும் வந்தார். நான் விலை சொல்லவில்லை. முதலில் கிட்டாரைக் குத்தி அரை மணி நேரம் வாசிக்கச் சொன்னேன். பையன் தயங்கித் தயங்கி வால்யூமை இரண்டில் வைத்தான். பக்கத்து வீட்டில் அன்றைக்கு யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். "தம்பி, நாலுக்கு ஏத்து" என்றேன். ஏற்றினான். மூன்றாவது தந்தியை ஒரு முழு ஸ்வரம் மேலே தள்ளி நிறுத்தினான். வால்வு அதை வாங்கி, கொஞ்சம் கரகரத்து, பிடித்து நின்றது. அவன் கையை எடுக்கவில்லை.

அவனுக்கு எல்லாவற்றையும் காட்டினேன். முதலில் மெயின் சுவிட்ச், வால்வு சூடாக ஒரு நிமிஷம், பிறகுதான் ஸ்டாண்ட்பை. ஸ்பீக்கர் ஜாக்கைக் கழற்றிவிட்டு ஒருபோதும் ஆன் செய்யக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். வாசித்து முடித்தவுடன் சூட்டோடு வண்டியில் ஏற்றக் கூடாது. இந்த ஆம்ப் நம் 230 வோல்ட்டுக்கே வந்தது, தனியாக டிரான்ஸ்பார்மர் வேண்டாம். மாற்றிய வால்வின் பில்லையும் பெரியவரின் கடை இருக்கும் இடத்தையும் கொடுத்தேன். காதடைப்பான் ஒரு ஜோடியையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"அண்ணே, வெலை கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்றான். அவன் அம்மா கைப்பையைத் திறந்து, எண்ணிக் கட்டி வைத்திருந்த பணத்தை எடுத்தார். நான் மனதில் வைத்திருந்ததைவிடக் குறைவுதான். மேலே பேசவில்லை. டிஸ்டார்ஷன் பெடலையும் அவனுக்கே கொடுத்தேன். இரண்டாவது ஓவர்டிரைவும் வாவும் வேறு இரண்டு பேரிடம் போயின. சொல்ல ஒன்றுமில்லை, கேட்ட விலை கிடைத்தது.

வந்த பணம் முழுவதையும் அக்கூஸ்டிக்குக்கே செலவழித்தேன். பிளாஸ்டிக் சேடிலை எடுத்துவிட்டு எலும்பு சேடில், நல்ல டிஐ பாக்ஸ், ஃப்ரெட் சமன் செய்த கூலி. ஸ்ட்ராட்டையும் அதே கைவினைஞரிடம் கொடுத்தேன். ஃப்ரெட்போர்டைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டே, "ரெண்டு கிட்டார்லயும் நம்ம ஊர் மரம் சார்" என்றார். ஸ்ட்ராட்டின் ஃப்ரெட்போர்டும் அக்கூஸ்டிக்கின் முதுகும் ஈட்டி மரம். நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கத்து மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்வது. பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதும் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. பிறகு உலகமெங்கும் கிட்டார்காரர்களின் கையில் அதுதான். என் எலக்ட்ரிக்கின் ஃப்ரெட்போர்டு மெக்சிகோ போய்த் திரும்பி வந்த நம் மரம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது ஸ்ட்ராட் கேஸில் இல்லை. ஸ்டாண்டில், ஆம்பில் குத்தியபடியே, ஆன் செய்தால் வாசிக்கலாம் என்ற நிலையில் நிற்கிறது. வால்யூமை மூன்றுக்கு மேல் ஏற்றுவதில்லை. வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளைகளில் தந்தி தள்ளக் கற்க வேண்டியவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறேன். விரலை 12-53இல் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை. போன மாசம் ஒரு குறும்படத்துக்கு எலக்ட்ரிக் பிட் கேட்டார்கள். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ரோவில் போனேன்.

டிலே பெடல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சின்ன ஆம்பில் அதற்கு வேலை குறைவு. அக்கூஸ்டிக்கில், தனியாக வாசிக்கும் இடங்களில் ஒலியைக் கொஞ்சம் நீட்டிப் பிடிக்க உதவும்போல் தெரிகிறது. பாடகர் சேர்ந்துவிட்டால் வார்த்தையின் மேல் விழுகிறது. தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் இரண்டொரு கச்சேரியில் போட்டுப் பார்ப்பேன். பயன்பட்டால் இருக்கும். இல்லையென்றால் பெரம்பூர்ப் பையன் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறான்.